பாகு ஓட்டமும் பாகிலா ஓட்டமும் இணைய மறுக்கும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கம் புதுஆறு என்பார்கள். மேட்டூர் திறந்து, கல்லணை வழியாகத் தண்ணீர் வந்து சேர்ந்ததும், கரையில் நின்று மிதவை விட்டு வேகம் அளப்பதுதான் என்னிடம் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு வரும் மாணவர்களின் முதல் வேலை. நாங்கள் அளந்த இடத்தில் நொடிக்கு ஒரு மீட்டரை ஒட்டி வந்தது. அந்த ஓட்டத்தில் இறக்கி வைக்க 20 சென்டிமீட்டர் நாண் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை உள்ள நீளம்) உள்ள சிறு நீர்ச்சுழலித் தகடு ஒன்றை வடிவமைக்க வேண்டும். 30 பாகை செல்சியஸில் தண்ணீரின் இயக்கவியல் பாகுத்தன்மை நொடிக்கு 0.0000008 சதுர மீட்டர். ஆக, வேகத்தையும் நாணையும் பெருக்கிப் பாகுத்தன்மையால் வகுத்தால் வரும் ரெனால்ட்ஸ் எண் 2,50,000.

பாகுத்தன்மையோடு கூடிய ஓட்டத்தின் முழுச் சமன்பாடுகளான நேவியர்–ஸ்டோக்ஸ் கணக்காகப் போட்டால் எங்கள் மடிக்கணினியில் ஒரு தாக்குகோணத்துக்கு (ஓட்டத்துக்குத் தகடு சாய்ந்திருக்கும் கோணம்) ஒரு ராத்திரி போய்விடுகிறது. நடுவில் கரண்ட் போனால் அடுத்த ராத்திரியும் போகும். அதே தகட்டை, சுவரை ஒட்டிய மெல்லிய பாகு ஓட்டம், அதற்கு வெளியே பாகுத்தன்மையைக் கணக்கில் எடுக்காத பாகிலா ஓட்டம் என்று இரண்டாகப் பிரித்து இணைத்தால் சில நொடிகளில் விடை வருகிறது. பிராண்டல் 1904-இல் எல்லைப் படலக் கருத்தைச் சொன்னதிலிருந்தே இந்தப் பிரிவினைக்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் பிரிப்பது சுலபம், இணைப்பதுதான் கஷ்டம். மாணவர்கள் கொண்டுவரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தப் பக்கக் கணக்கிலும் இருப்பதில்லை, அந்தப் பக்கக் கணக்கிலும் இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே யார் யாருக்குக் கட்டளை இடுகிறார்கள் என்பதில் இருக்கின்றன. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியையும் அந்தக் கேள்வியோடு பாருங்கள்.

எது எதனோடு பேசுகிறது

வெளி ஓட்டத்துக்குப் பேனல் முறை. தகட்டின் மேற்பரப்பைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஊற்றும் சுழலும் வைத்து, பரப்பில் ஓடும் வேகத்தைக் கண்டுபிடிக்கிறோம். உள் ஓட்டத்துக்கு எல்லைப் படலத்தின் தொகைச் சமன்பாடுகள், அதாவது படலத்தின் தடிமன் முழுவதையும் கூட்டி எழுதியவை. அவற்றுக்கு வெளி வேகத்தைக் கொடுத்தால் மூன்று எண்கள் கிடைக்கும்: இடப்பெயர்ச்சித் தடிமன் (படலம் வெளி ஓட்டத்தைத் தள்ளி வைக்கும் தூரம்), உந்தத் தடிமன் (படலத்தில் இழந்த உந்தத்தின் அளவு), முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் வடிவக் காரணி. படலம் வெளி ஓட்டத்தைச் சற்றே தள்ளி வைக்கிறது. அந்தத் தள்ளலைச் சுவரிலிருந்து ஊறி வரும் ஒரு கசிவு வேகமாகப் பேனல் கணக்கில் சேர்க்கலாம் என்று லைட்ஹில் 1958-இல் காட்டினார். வெளி வேகத்தையும் இடப்பெயர்ச்சித் தடிமனையும் பெருக்கி, பரப்பு வழியே அது எந்த வீதத்தில் மாறுகிறது என்று பார்த்தால் அதுவே கசிவு வேகம்.

இரண்டு ஓட்டங்களின் குணமும் வேறு வேறு. எல்லைப் படலத்தில் சேதி தலைமடையிலிருந்து கடைமடைக்கு மட்டுமே போகும். கீழே நடப்பது மேலே தெரியாது. வெளி ஓட்டம் அப்படியல்ல. கீழே இருக்கும் ரெகுலேட்டரில் ஷட்டரை இறக்கினால் மேலே தண்ணீர் எதிர்த்துத் தேங்கி ஏறுகிறதே, அதுபோல எந்த இடத்தில் என்ன நடந்தாலும் எல்லா இடமும் அறியும். படலம் சுவரை விட்டுப் பிரியப் போகும் இடத்தில் ‘இங்கே தடிக்கிறது, மேலே வேகத்தை மாற்றுங்கள்’ என்று சேதி மேலே போயாக வேண்டும். படலத்துக்குச் சொந்தமாக அந்த வழி இல்லை. வெளி ஓட்டம் வழியாகத்தான் அனுப்ப முடியும். நீங்கள் எழுதிய இணைப்பு அந்த வழியை அடைத்தால் கணக்கு உடையும்.

அறிகுறி: தகட்டின் பாதி வழியில் கணக்கு நின்றுவிடுகிறது

இதுதான் அதிகம் வருவது. முன்விளிம்பிலிருந்து நன்றாக நகர்ந்து வந்த கணக்கு, நாணில் ஏதோ ஓரிடத்தில் திடீரென்று பெரிய எண்களைக் கக்கி நின்றுபோகும். தாக்குகோணம் கூடக்கூட நிற்கும் இடம் முன்னே வரும்.

முதலில் நோயை உறுதிசெய்யுங்கள். பேனல் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டுங்கள். நிற்கும் இடம் அதே இடமாக இருந்தால், அல்லது கொஞ்சம் முன்னதாகவே நின்றால், இது பேனல் பிழை அல்ல. அங்கே வடிவக் காரணியைப் பாருங்கள். வரிச்சீர் ஓட்டமாக (அடுக்கடுக்காகக் கலக்காமல் ஓடுவது) இருந்தால் தட்டைத் தகட்டுக்கு உரிய 2.59-லிருந்து ஏறி 3.5, 4 என்று போயிருக்கும். கொந்தளிப்பு ஓட்டமாக (சுழித்துக் கலந்து ஓடுவது) இருந்தால் 1.4-லிருந்து 2-ஐத் தாண்டியிருக்கும். இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. உராய்வுக் கெழுவை வர்க்கப்படுத்தி, தூரத்துக்கு எதிரே வரையுங்கள். அது நேர்கோடாகப் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் சந்தேகமே வேண்டாம். கோல்ட்ஸ்டீன் 1948-இல் எழுதிக் காட்டிய ஒருமைப்புள்ளியில்தான் (கணக்கு எல்லையில்லாமல் பெருகி உடையும் புள்ளி) நீங்கள் முட்டியிருக்கிறீர்கள். அங்கே சுவர் உராய்வு, பிரியும் புள்ளிக்கு மீதமிருக்கும் தூரத்தின் வர்க்கமூலமாகக் குறைகிறது.

காரணம் இதுதான். வெளி வேகத்தைக் கட்டளையாகக் கொடுத்துப் படலத்தைக் கணக்கிடும்போது, படலம் தாங்கக்கூடிய வேகக் குறைவுக்கு ஒரு கீழெல்லை இருக்கிறது. பிரியும் புள்ளிதான் அந்த எல்லை. அதற்கும் கீழான வேகத்தைத் திணித்தால் சமன்பாட்டுக்கு விடையே கிடையாது. இல்லாத விடையை எவ்வளவு நுணுக்கமான பேனலாலும் கண்டுபிடிக்க முடியாது.

இங்கே மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு காரியத்தைச் செய்யாதீர்கள். ‘வடிவக் காரணி 3.4-ஐத் தாண்டினால் 3.4 என்றே வை’ என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். கணக்கு கடைசிவரை ஓடும், வளைவும் அழகாக வரும். ஆனால் பிரிதலுக்கு அப்பால் உள்ள ஒவ்வோர் எண்ணும் அந்த ஒரு வரியிலிருந்து பிறந்தது. இயற்பியலிலிருந்து அல்ல. பிரிதலைப் பார்க்கத்தான் கணக்கே போடுகிறோம். அதை மூடி வைக்கும் வரியை எழுதுவதைவிடக் கணக்கு நின்றுபோவது எவ்வளவோ மேல்.

எல்லைப் படலத்தை எளிதாகக் கணக்கிடும் த்வெய்ட்ஸ் முறையில் எழுதியவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த 1949-ஆம் ஆண்டு முறை இன்றும் கற்றுக்கொள்ள அருமையானது. ஆனால் அதில் ஒரே ஒரு வகைக்கெழுச் சமன்பாடுதான் இருக்கிறது. வடிவக் காரணி, அந்த இடத்து வேகச் சரிவுக்குக் கட்டுப்பட்ட அடிமை. வேகச் சரிவை அளக்க லாம்டா என்று குறிக்கும் அளவுரு மைனஸ் 0.09-ஐத் தொட்டதும் அட்டவணை முடிந்துவிடும். கணக்கு வெடிக்காமல் பேசாமல் தவறாகப் போகும். பிரிதலைத் தாண்டி இணைக்க வேண்டுமென்றால் உந்தச் சமன்பாட்டோடு இயக்க ஆற்றல் சமன்பாட்டையும் சேர்த்து, வடிவக் காரணிக்கு அதன் சொந்த வாழ்க்கையைக் கொடுங்கள்.

தீர்வு, கட்டளையின் திசையை மாற்றுவது. கேதரால், மேங்ளர் இருவரும் 1966-இல் இதைத் திருப்பிப் போட்டார்கள். இடப்பெயர்ச்சித் தடிமனைக் கொடுத்து, ‘இதற்கு என்ன வேகம் வேண்டும்’ என்று படலத்தைக் கேட்டார்கள். ஒருமைப்புள்ளி மறைந்தது. ஆனால் தகடு முழுவதும் இப்படியே திருப்பினால் படலம் ஒட்டி ஓடும் பகுதியில் கணக்கு மெதுவாகிவிடும். 1970-களின் கடைசியில் லெ பல்லேர், கார்ட்டர் ஆகியோர் பாதி திருப்பிய முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு தடிமனை ஊகித்து, அதற்குப் படலம் கேட்கும் வேகத்தையும் வெளி ஓட்டம் தரும் வேகத்தையும் தனித்தனியே கண்டு, இரண்டும் ஒன்றாகும்வரை தடிமனைத் திருத்துவது. கார்ட்டரின் விதி ஒரே வரி: படலத்தின் வேகத்தை வெளி வேகத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்து, தளர்வுக் காரணியால் (ஒரு சுற்றில் எவ்வளவு திருத்தலாம் என்ற அளவு) பெருக்கி, அந்தப் பங்கு அளவுக்குத் தடிமனைக் கூட்ட வேண்டும். இருக்கிற நிரலைக் கிழிக்காமல் ஒட்டவைக்க இதுதான் எளிது.

புதிதாக எழுதுவதாக இருந்தால் நான் வெல்ட்மனின் 1981 வழியைத்தான் சொல்வேன். அதில் இரண்டு பக்கமும் கட்டளை இடுவதில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் படலச் சமன்பாடுகளோடு வெளி ஓட்டத்தின் சுருக்கப்பட்ட வடிவம் ஒன்றையும் சேர்த்து, வேகத்தையும் தடிமனையும் ஒரே நேரத்தில் தீர்க்கிறோம். அந்தச் சுருக்கம் இவ்வளவுதான்: வேகத்தில் வரும் மாற்றம் = ஓர் எண் × வேக-தடிமன் பெருக்கத்தில் வரும் மாற்றம். பேனல் நீளம் சமமாக இருந்தால், π-ஐ அந்த நீளத்தால் பெருக்கி, 4-ஐ அதனால் வகுத்தால் அந்த எண். துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. சுற்றுகள் முடியும்போது மாற்றம் பூஜ்யமாகிவிடுவதால் இந்தச் சுருக்கம் விடையைத் தொடாது, போகும் பாதையை மட்டும் பத்திரமாக்கும்.

ஒருமுறை ரெகுலேட்டர் பக்கம் அளவெடுக்கும்போது ஒரு மாணவி மதகை இயக்கும் ஊழியரான அங்கிருந்த லஸ்கரிடம், “அண்ணே, கீழ ஷட்டரை இறக்கினா இங்க எவ்வளவு ஏறும்?” என்று கேட்டாள். “மேல எவ்வளவு விடுறாங்கன்னு தெரியாம அதை மட்டும் எப்படிம்மா சொல்றது? ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான் கணக்கு” என்றார். அன்று மாலை அவள் எழுதிய நிரல்தான் முதல்முறையாகப் பிரிதலைத் தாண்டிப் பின்விளிம்புவரை ஓடியது.

அறிகுறி: கணக்கு நிற்கவில்லை, ஆனால் ரம்பப்பல் போல ஆடுகிறது

முதலில் பாகுக் கணக்கைக் கழற்றிவிட்டு வெளி ஓட்டத்தை மட்டும் ஓட்டுங்கள். அதிலேயே அழுத்த வளைவு பல்பல்லாக வந்தால் குற்றம் இணைப்பில் இல்லை, தகட்டின் ஆயப்புள்ளிகளில் இருக்கிறது. தசமத்துக்குப் பின் மூன்று நான்கு இலக்கத்தோடு வெட்டப்பட்ட புள்ளிக் கோப்புகள் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். வளைவின் இரண்டாம் வகைக்கெழுவில் அவை மேடும் பள்ளமுமாக இருக்கும். புள்ளிகள் வழியே போகும் வழவழப்பான வளைவான ஸ்ப்ளைன் ஒன்றைப் போட்டுப் புள்ளிகளை மறுபடி எடுத்துவிடுங்கள். முன்விளிம்பில் நெருக்கமாக, நடுவில் பரவலாக.

வெளி ஓட்டம் சுத்தமாக இருந்து, பாகுக் கணக்கைச் சேர்த்ததும் ஆட்டம் வந்தால், நீங்கள் இன்னும் நேரடி முறையில் இருக்கிறீர்கள் என்று பொருள். வேகம் கொடு, தடிமன் வாங்கு, கசிவு போடு, மறுபடி வேகம் கொடு. முறைப்பாசனம் மாதிரி மாறி மாறி. இதில் ஒரு பொறி இருக்கிறது. கசிவு வேகம் தடிமனின் வகைக்கெழு. ஆகவே தடிமனில் வரும் அலை எவ்வளவு குட்டையோ, அவ்வளவுக்கு வெளி ஓட்டம் அதைப் பெரிதாக்கித் திருப்பித் தரும். பேனல் கட்டத்தில் இருக்கக்கூடிய மிகக் குட்டையான அலை இரண்டு பேனல் நீளமுள்ளது. அதுதான் உங்கள் திரையில் தெரியும் ரம்பப்பல்.

இதனால் ஒரு விநோதம் நடக்கும். 80 பேனலில் ஒழுங்காக அமர்ந்த கணக்கு 160 பேனலில் ஆடும். மாணவர்கள் குழம்பிப்போவார்கள், ‘நுணுக்கமாக்கினால் நல்லதுதானே சார்’ என்று. பேனல் நீளத்தைப் பாதியாக்கினால் தளர்வுக் காரணியையும் பாதியாக்க வேண்டும் என்பதுதான் விஷயம். 0.2-இல் ஓடியது இனி 0.1-இல்தான் ஓடும், சுற்றுகளும் இரண்டு மடங்காகும். முழுதாகத் திருப்பிய முறையில் நேர் எதிர்: குட்டை அலைகள் சட்டென்று அடங்கும், தகடு நீளத்துக்கு நீண்ட அலைகள் அடங்க வெகுநேரம் ஆகும். எச்சம் (சமன்பாடுகளில் இன்னும் தீராமல் மிஞ்சும் பிழை) ஓரளவு இறங்கிவிட்டுத் தரையோடு தரையாக ஊர்ந்தால் அது இந்த வகை.

ஆட்டத்தை அடக்கத் தடிமனைச் சராசரி எடுத்து வழவழப்பாக்க ஆசை வரும். வேண்டாம். நம் ரெனால்ட்ஸ் எண்ணில் தகட்டின் மேல் வரிச்சீர்ப் பிரிதல் குமிழ் (படலம் பிரிந்து மறுபடி ஒட்டும் சிறு பகுதி) ஒன்று உண்டாகும், அதன் நீளம் சில பேனல்கள்தான். சராசரி எடுத்தால் முதலில் காணாமல் போவது அந்தக் குமிழ்தான்.

முதல் சுற்றிலிருந்தே எச்சம் இரட்டிப்பாகிக்கொண்டு போனால் இத்தனையும் யோசிக்க வேண்டாம். குறி தவறு. தடிமன் கூடும் இடத்தில் கசிவு சுவரிலிருந்து வெளியே வர வேண்டும். கீழ்ப்பரப்பில் செங்குத்தின் திசையைத் திருப்ப மறந்திருப்பீர்கள். அல்லது தேக்கப் புள்ளியிலிருந்து (முன்விளிம்பில் ஓட்டம் இரண்டாகப் பிரியும், வேகம் பூஜ்யமான இடம்) இரு பக்கமும் தூரம் கூடிக்கொண்டு போக வேண்டிய இடத்தில், ஒரு பக்கம் பேனல் எண்களின் வரிசையிலேயே விட்டிருப்பீர்கள்.

அறிகுறி: முன்விளிம்பிலேயே அபத்தம்

தேக்கப் புள்ளி எந்தப் பேனல் முனையிலும் சரியாக வந்து உட்காராது. இரண்டு முனைகளுக்கு நடுவே வேகம் குறி மாறும் இடத்தை நேர்கோட்டு இடைச்செருகலால் கண்டுபிடித்து, தூரத்தை அங்கிருந்து எண்ணுங்கள். தாக்குகோணம் மாறினாலும், ஒவ்வொரு சுற்றிலும் கசிவு மாறினாலும் அது நகரும். ஒருமுறை கண்டுபிடித்துச் சேமித்து வைத்தால் கோணம் மாறியதும் கெட்டுப்போகும்.

அங்கே உந்தத் தடிமன் பூஜ்யமல்ல. பூஜ்யம் என்று தொடங்கினால் முதல் அடியிலேயே வகுத்தல் பிழை. பாகுத்தன்மையை வேகச் சரிவால் வகுத்து 0.075-ஆல் பெருக்கினால் உந்தத் தடிமனின் வர்க்கம் கிடைக்கும். அதிலிருந்து தொடங்குங்கள். வடிவக் காரணி 2.2 முதல் 2.4 வரைக்குள் வந்தால் சரி. தேக்கப் புள்ளி ஓட்டத்துக்கு ஹீமென்ஸின் துல்லிய விடை 2.22, த்வெய்ட்ஸ் வழியில் 2.36 வரும். இந்த வித்தியாசம் இரண்டு மூன்று பேனலுக்குள் மறைந்துவிடும்.

அறிகுறி: எச்சம் இறங்கி, பிறகு இரண்டு மதிப்புகளுக்கு நடுவே ஊஞ்சலாடுகிறது

தூக்குவிசை 0.712, 0.719, மறுபடி 0.712 என்று மாறிக்கொண்டே இருக்கிறதா? வரிச்சீர் ஓட்டம் கொந்தளிப்பாக மாறும் புள்ளியை ஒவ்வொரு சுற்றிலும் அச்சிட்டுப் பாருங்கள். ஒரு பேனலில் இருந்து அடுத்ததுக்கும், திரும்பப் பழைய இடத்துக்கும் தாவிக்கொண்டிருக்கும். மாறும் இடம் முனைகளில் மட்டும்தான் இருக்கலாம் என்று நிரல் நினைப்பதால் வருவது இது. மாற்றம் நடக்கும் பேனலை உள்ளேயே இரண்டாக வெட்டி, முன்பகுதிக்கு வரிச்சீர்ச் சமன்பாடும் பின்பகுதிக்குக் கொந்தளிப்புச் சமன்பாடும் போடுங்கள். வெட்டிய இடத்தில் உந்தத் தடிமன் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், குதிக்கக் கூடாது. வடிவக் காரணி இறங்கும்.

இதே இடத்தில் இன்னொரு பிழை ஒளிந்திருக்கிறது. அது ஊஞ்சலாக வெளியே தெரியாது. மாறும் புள்ளியைக் கணிக்க e^N அடுக்கு முறையை (படலத்தில் சிறு அலைகள் e-இன் N-ஆம் அடுக்கு அளவுக்கு வளர்ந்ததும் கொந்தளிப்பு தொடங்கும் என்று கொள்வது) பயன்படுத்துபவர்கள் அதன் வரம்பை 9 என்றே விட்டுவிடுகிறார்கள். மார்க் ட்ரேலா 1986-இல் எழுதத் தொடங்கிய எக்ஸ்ஃபாயில் நிரலிலும் இயல்பாக வரும் மதிப்பு அதுதான். ஆனால் 9 என்பது சாதாரணக் காற்றுச் சுரங்கத்துக்கானது. மேக் கொடுத்த தொடர்பைப் பாருங்கள்: கொந்தளிப்பு அளவைப் பின்னமாக எழுதி, அதன் இயற்கை மடக்கையை மைனஸ் 2.4-ஆல் பெருக்கி, 8.43-ஐக் கழிக்க வேண்டும். கொந்தளிப்பு 0.07 சதவீதம் என்றால் 9 வருகிறது. 1 சதவீதம் என்றால் 2.6 தான். மதகைத் தாண்டி வண்டலும் ஆகாயத்தாமரையுமாகச் சுழன்று வரும் வாய்க்கால் தண்ணீர் காற்றுச் சுரங்கம் அல்ல. எங்கள் தகட்டுக்கு 9 வைத்தபோது மேல்பரப்பில் நீளமான குமிழ் வந்தது. 3 வைத்ததும் அது சுருங்கிவிட்டது. கணக்கு இரண்டிலும் ஒழுங்காகவே அமர்ந்தது. எந்த எண் தன் வாய்க்காலுக்குப் பொருந்தும் என்பதை நிரல் சொல்லாது. கரையில் நின்று பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

அறிகுறி: பாகுக் கணக்கைச் சேர்த்தும் தூக்குவிசை குறையவே இல்லை

நாக்கா 0012 என்ற பிரபலமான சமச்சீர்த் தகட்டு வடிவத்தை 4 பாகையில் வைத்து ஓட்டுங்கள். பாகிலா கணக்கில் தூக்குவிசைக் கெழு 0.48-ஐ ஒட்டி வரும். 30 லட்சம் ரெனால்ட்ஸ் எண்ணில் பாகுக் கணக்கைச் சேர்த்தால் 0.43-இலிருந்து 0.45-க்குள் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பின்விளிம்பைப் பாருங்கள். அங்கே அழுத்தம் கூர்முனையாக மேலே குத்திக்கொண்டு நின்றால், வால்தடத்தை விட்டுவிட்டீர்கள்.

படலம் பின்விளிம்போடு முடிவதில்லை. மேல் படலமும் கீழ்ப் படலமும் அங்கே சேர்ந்து வால்தடமாகப் போகின்றன. தொடக்கத்தில் இரண்டின் உந்தத் தடிமன்களையும் கூட்டுங்கள். இடப்பெயர்ச்சித் தடிமன்களையும் கூட்டி, விளிம்பு மொண்ணையாக இருந்தால் அதன் கனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவர் இல்லாததால் உராய்வு பூஜ்யம். குறைந்தது ஒரு நாண் நீளத்துக்காவது வால்தடத்தில் பேனல் போட்டுக் கசிவைத் தொடருங்கள். இடப்பெயர்ச்சித் தடிமனைப் பின்விளிம்பில் திடீரென்று பூஜ்யமாக்கினால் வகைக்கெழு பெரிய உறிஞ்சலாக மாறும். தூக்குவிசையை ஏற்றிவிடுவது அதுதான்.

அறிகுறி: இழுவிசை எதிர்மறை

மேற்பரப்பு அழுத்தத்தைக் கூட்டி இழுவிசை எடுக்கிறீர்கள், அப்படித்தானே? பின்னோக்கித் தள்ளும் பெரிய எண்ணும், முன்னோக்கித் தள்ளும் பெரிய எண்ணும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிச்சத்தில் பேனல் பிழைதான் நிற்கும். தலம்பேர் 1752-இல் காட்டிய முரண்பாட்டின்படி பாகிலா ஓட்டத்தில் இழுவிசை பூஜ்யமாக வர வேண்டும். உங்கள் பேனல் கணக்கைப் பாகில்லாமல் ஓட்டி வரும் இழுவிசையை எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் கணக்கின் இரைச்சல் அளவு. உண்மையான இழுவிசை அதைவிடச் சிறியதாக இருக்கலாம்.

வால்தடத்திலிருந்து எடுங்கள். வெகு தூரத்தில் வால்தடத்தின் உந்தத் தடிமனை இரண்டால் பெருக்கி நாணால் வகுத்தால் இழுவிசைக் கெழு. அவ்வளவு தூரம் பேனல் போட முடியாது என்றால் ஸ்குவயர்–யங் சூத்திரம் இருக்கிறது. வால்தடம் முடியும் இடத்து வேகத்தைத் தகட்டை எட்டுமுன் வரும் ஓட்டத்தின் வேகத்தால் வகுத்து, அங்குள்ள வடிவக் காரணியோடு 5 கூட்டிப் பாதியாக்கிய படிக்கு உயர்த்தி, உந்தத் தடிமனோடு பெருக்க வேண்டும்; அதுவே வெகு தூரத்து உந்தத் தடிமன்.

இணைப்பு சரியா என்று பார்க்க இங்கே ஓர் அழகான சோதனை கிடைக்கிறது. மேற்பரப்பிலும் வால்தடத்திலும் உள்ள எல்லாக் கசிவுகளையும் பேனல் நீளத்தோடு பெருக்கிக் கூட்டுங்கள். வெகு தூரத்தில் வடிவக் காரணி 1 ஆகிவிடுவதால், இந்த மொத்த ஊற்றும் தகட்டை எட்டுமுன் வரும் ஓட்டத்தின் வேகம் × வெகு தூரத்து உந்தத் தடிமன் என்பதற்குச் சமமாக வேண்டும். அதாவது இழுவிசை உள்ள எந்தப் பொருளும் வெளி ஓட்டத்துக்கு ஓர் ஊற்றாகவே தெரியும். இரண்டு வழியிலும் எடுத்த இழுவிசை ஒட்டி வந்தால் உங்கள் கசிவு நிரலை நம்பலாம்.

எதிலுமே நம்பிக்கை வராத நாளில் தகட்டை எடுத்துவிட்டு, ஒரு தட்டையான பலகையை வையுங்கள். ரெனால்ட்ஸ் எண் 2,50,000 என்பதால் வர்க்கமூலம் சரியாக 500. 20 சென்டிமீட்டர் முடிவில் உந்தத் தடிமன் 0.27 மில்லிமீட்டர், இடப்பெயர்ச்சித் தடிமன் 0.69 மில்லிமீட்டர், இரு பக்கமும் சேர்ந்த இழுவிசைக் கெழு 0.0053. இவை வரவில்லை என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். பெரும்பாலும் 20 பாகைத் தண்ணீரின் பாகுத்தன்மையைப் போட்டிருப்பீர்கள். நம் ஊர்த் தண்ணீரைவிட அது கால் பங்கு அதிகம்.

அறிகுறி: இரண்டு மண்டலங்கள் சேரும் கோட்டில் தையல் தெரிகிறது

படலச் சமன்பாட்டுக்குப் பதிலாக, உள்ளே நேவியர்–ஸ்டோக்ஸ், வெளியே சுழலற்ற ஓட்டம் என்று பரப்பைப் பிரித்தவர்களுக்கு இது. எல்லைக் கோட்டில் அழுத்தச் சமகோடுகள் முறிந்து நின்றால், அந்தக் கோட்டின்மேல் சுழல்தன்மையை வரையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் சுழலைச் சுமக்கத் தெரியாத பகுதியிடம் சுழலைக் கொடுக்கிறீர்கள். கோட்டை வெளியே தள்ளுங்கள். வால்தடம் போகும் பக்கம் மட்டும் உள்மண்டலத்தைக் கடைசிவரை நீட்டுங்கள். இரண்டும் சில கட்டங்கள் அகலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் தையல் இன்னும் மறையும்.

வெளிமண்டலம் தீரவே மறுத்தால் அதன் எல்லை முழுக்கச் செங்குத்து வேகத்தைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படிக் கொடுத்தால் உள்ளே வரும் நீரும் வெளியே போகும் நீரும் கடைசி இலக்கம்வரை சமமாக வேண்டும். இல்லாவிட்டால் விடையே இல்லை. எங்காவது ஒரு பக்கம் அழுத்தத்தையோ வேகத் திறனையோ பிடித்து வைத்துவிடுங்கள். வாய்க்காலுக்குக் கரைகள் உண்டு என்பதையும் மறக்காதீர்கள். வரம்பற்ற வெளியில் போட்ட பேனல் கணக்கு கரை நெருக்கும் வேகத்தைக் காட்டாது. கரைக்கு அப்பால் தகட்டின் கண்ணாடிப் பிம்பங்களை வைத்துச் சேர்க்க வேண்டும்.

அறிகுறி: எல்லாம் அமர்கிறது, ஆனால் தண்ணீரில் வைத்தால் ஒத்துவரவில்லை

எந்தக் கோணத்தில் ஒத்துவரவில்லை என்று முதலில் பிரியுங்கள். பூஜ்யத்தில் தொடங்கி அரை அரைப் பாகையாக ஏற்றுங்கள். ஒவ்வொரு கோணத்துக்கும் முந்தைய விடையே தொடக்கமாக இருக்கட்டும். தாவிப் போய் 10 பாகையில் தொடங்கினால், நியூட்டன் முறையில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தீர்க்கும் நிரல்கள்கூட வழி தவறும்.

சிறு கோணங்களிலேயே விலகல் இருந்தால் மேலே சொன்ன e^N அடுக்கு வரம்பையும் கரையின் நெருக்கத்தையும் பாருங்கள். தகடு நீர்மட்டத்துக்கு அருகில் இருந்தால் மட்டமே அசையும். அதை இந்தக் கணக்கு அறியாது.

தூக்குவிசை உச்சத்தைத் தொட்டு வளையும் கோணத்துக்குப் பிறகுதான் விலகல் என்றால் நிரலைத் திருத்த உட்காராதீர்கள். பிரிதல் முன்விளிம்பை நெருங்கியதும் படலம் மெல்லியதாக இருப்பதில்லை, ஓட்டமும் ஒரு நிலையில் நிற்பதில்லை. தொகைச் சமன்பாடுகளில் உள்ள தொடர்புகள் மெல்லிய படலத்துக்காக அமைத்தவை. எங்கள் தகட்டுக்கு அந்த உச்சம்வரை உள்ள கோணங்களை எல்லாம் இணைப்பு முறையில் ஒரே பிற்பகலில் முடித்தோம். அதற்கு மேலே தகடு சுழலத் தொடங்கும்போது தேவைப்படுகிற கோணங்கள் மூன்றுதான். அவற்றுக்கு மட்டும் முழு நேவியர்–ஸ்டோக்ஸ், மூன்று ராத்திரி, யுபிஎஸ்ஸோடு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விடையைக் கோப்பில் எழுதி வைக்கச் சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.